மாப்பிள்ளை வலது காலை எடுத்து வைக்கிறார்

எங்கள் மலேசியாவில், கோலா சிலாங்கூரிலிருந்து ராசா வரைக்கும் மைக்கின் குரலைக் கேட்காமல் யாருக்கும் கல்யாணம் ஆனதில்லை. ஆனதாக யாராவது சொன்னால், அவர்கள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதோடு நிறுத்திக்கொண்டவர்களாக இருக்க வேண்டும், அல்லது அன்றைக்கு மண்டபத்தில் மின்சாரம் போயிருக்க வேண்டும். மின்சாரம் போனாலும் மைக் நிறுத்தமாட்டான். பத்தாங் காலியில் ஒருமுறை அப்படிப் போனபோது, வெறும் தொண்டையிலேயே சாப்பாட்டு வரிசையை ஒழுங்கு செய்து, வெளியே வழியை மறித்து நின்ற ஒரு வெள்ளை வேனையும் நகர்த்த வைத்தவன் அவன்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. வருகைப் பதிவின்போது விரிவுரையாளர்கள் அதைச் சொல்வார்கள். யாரது புதுசா என்று பாதி வகுப்பு திரும்பிப் பார்க்கும். கோலா சிலாங்கூர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். சின்ன வயதில் தோட்டத்துக் கோயில் திருவிழாவில், காணாமல் போன பிள்ளைகளின் பெயரை அறிவிக்க யாரோ அவன் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் கிடைத்துவிட்டார்கள். ஒலிவாங்கிதான் கடைசிவரை திரும்பக் கிடைக்கவில்லை என்று அவனுடைய அம்மாவே சொல்லியிருக்கிறார்.

நாங்கள் ஒரே கல்லூரியில் மின்னணுவியல் டிப்ளோமா படித்தோம். வார நாள்களில் அவன் மாணவன். சனிக்கிழமை சர்ச் மண்டபத்து விருந்துகளில் அறிவிப்பாளன், ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துக் கல்யாணங்களில் அறிவிப்பாளன். இரண்டுக்கும் நடுவே தூங்க நேரம் இல்லாததால் ஒரு சனிக்கிழமை, கேக் வெட்டும் நேரத்தில், பழக்க தோஷத்தில் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று சொல்லிவிட்டான். கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த தம்பி ஒரு கணம் யோசித்துவிட்டு வாசித்தும் விட்டான். எல்லாரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு இரண்டு சர்ச் கல்யாணங்களில் அதை வேண்டுமென்றே கேட்டு வாங்கினார்கள் என்பது மைக் சொன்ன தகவல். எவ்வளவு நம்பலாம் என்பது உங்கள் விருப்பம்.

கேண்டீனில் அவனோடு சாப்பிடுவது ஒரு சோதனை. நான் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தால், "இதோ, அன்புக்குரிய தோழியார் மீன் குழம்பை நோக்கி வந்துகொண்டிருக்கிறார், வழியில் இருப்பவர்கள் தயவுசெய்து ஒத்துழைக்கவும்" என்று ஆரம்பித்துவிடுவான். தமிழ் தெரியாதவர்கள்கூட வழி விடுவார்கள். அந்தக் குரலில் அப்படி ஒரு அதிகாரம் இருந்தது, ஆனால் யாரையும் அதட்டாத அதிகாரம்.

ரோபோ சங்கத்துக்கு அவன் வந்ததற்கும் ரோபோவுக்கும் சம்பந்தமில்லை. எங்கள் சங்க அறையில் பழைய ஒலிபெருக்கி ஒன்று கிடந்தது. அதை இரவல் கேட்க வந்தவன், அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அப்போது சங்கத்தில் நானும் ஹக்கிமும் மட்டும்தான். ஹக்கிம் தஞ்சோங் காராங்கில் நெல் வயல் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். கணினி நிரல் எழுதுவதில் கெட்டிக்காரன், இடது வலது சொல்வதில் நிரந்தரச் சந்தேகம் உள்ளவன். ரோபோவை ரிமோட்டில் ஓட்டுவது என் வேலை.

அந்த வருடப் போட்டி எப்படியென்றால், ஆடுகளத்தின் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். இந்தப் பக்கம் ஓட்டுநர் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் வளையங்களும் ஒரு தூணும். ரோபோ சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போய், வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தூணில் மாட்ட வேண்டும். விசில் அடித்தால் நேரம் முடிந்தது. ரோபோ சுவருக்கு அந்தப் பக்கம் போனதும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. ஒரு துணையாளர் அதைப் பார்த்துச் சொல்லலாம்.

முதலில் ஹக்கிம் சொல்லிப் பார்த்தான். வலது என்று கத்திவிட்டு இடது கையைக் காட்டுவான். நான் பதறிப்போய் இரண்டு பக்கமும் திருப்புவேன். ரோபோ சுவரில் முட்டும். இப்படியே சில வாரங்கள் போயின. ஒருநாள், மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மைக்குக்குப் பொறுக்கவில்லை.

"இதோ நமது மாப்பிள்ளை," என்று ஆரம்பித்தான், ஒரு வளையத்தையே ஒலிவாங்கி மாதிரி பிடித்துக்கொண்டு. "வலது காலை எடுத்து வைத்து மண்டபத்துக்குள் நுழைகிறார். அவசரமில்லை மாப்பிள்ளை, பொண்ணு எங்கேயும் போகாது."

என் வலது கட்டைவிரல் தானாக அசைந்தது. ரோபோ வலப்பக்கம் திரும்பி, சுவரைத் தொடாமல் போனது. நான் பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு வளர்ந்த தொனி அது. இடது வலது என்றால் யோசிக்கும் என் கைகள், கல்யாண மண்டபத் தமிழுக்கு யோசிக்காமல் கட்டுப்பட்டன.

அன்றிலிருந்து ரோபோ மாப்பிள்ளை ஆனது, தூண் பொண்ணு ஆனது, வளையம் மாலை ஆனது. "மாப்பிள்ளை வலது காலை எடுத்து வைக்கிறார்" என்றால் வலப்பக்கம். "மாமன்மார் இடப்பக்கம் நிற்கவும்" என்றால் இடப்பக்கம். "சொந்தபந்தங்கள் முன்னால் வரவும்" என்றால் நேராக. "புகைப்படக்காரருக்காக ஒரு நிமிடம்" என்றால் நிறுத்து. ரோபோவின் கை தூணுக்கு மேலே வந்ததும் "கெட்டிமேளம்" என்பான். நான் பொத்தானை அழுத்தினால் வளையம் விழும். ஹக்கிமுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனாலும் நிரலில் அந்தப் பொத்தானுக்குக் கெட்டிமேளம் என்றே பெயர் வைத்தான். எங்கள் துறைத் தலைவி அதைப் பார்த்துவிட்டு இது என்ன ஜெர்மன் மென்பொருளா என்று கேட்டார். ஹக்கிம் ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

அந்தத் துறைத் தலைவியால்தான் பிரச்சினை வந்தது. சங்கம் ஆரம்பித்து இத்தனை வருடத்தில் ஒரு கோப்பைகூட வரவில்லை, இந்த முறையும் வெறுங்கையோடு வந்தால் அறையை ஃபுட்சால் குழுவுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஃபுட்சால் குழுவின் பந்துகள் அவருடைய அலுவலகத்தில்தான் இருந்தன.

அறை ஒன்றும் அரண்மனை இல்லை. ஒரு ஜன்னல், ஒரு காற்றாடி, ஈயம் பற்றவைத்த வாசனை. ஆனால் அந்த அறை போனால், வகுப்பு முடிந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார ஒரு காரணமும் இருக்காது. ஹக்கிம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். மைக் ஏதாவது ஒரு மண்டபத்துக்குப் போவான். சாயங்காலங்களில் என்னை மாப்பிள்ளையாக்கி நடத்திச் செல்லும் அந்தக் குரல் எனக்கு இருக்காது. என் கவலை அதுதான். வெளியே சொன்னது மட்டும், கல்லூரியின் கௌரவம் என்று.

போட்டித் தேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஷா ஆலத்தில்.

"அன்னிக்கி எனக்கு தஞ்சோங் காராங்ல கல்யாணம் லா," என்றான் மைக்.

"யாருக்கு?"

"யாருக்கோ. நான்தான் பேசணும்."

"வேற ஆள அனுப்பு மைக்."

"வாக்கு குடுத்துட்டேன் டிரைவரம்மா. நான் போகலன்னா அந்தப் பொண்ணு சும்மா நடந்து வரும். யாரும் ஒண்ணும் சொல்லாம, வெறும் ஃபேன் சத்தத்துல. நெனச்சிப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"கப் இல்லன்னா ரூம் போயிரும்."

"போனா என்னா, கேண்டீன்ல ஒக்காந்து பேசுவோம்."

"மாப்பிள்ளையே இல்லன்னா, அப்பறம் நாம என்னாத்த பேசுவோம்?"

மைக் போட்டித் தேதியை இன்னொரு தடவை பார்த்தான். பக்கத்தில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹக்கிமிடம் விஷயத்தை மலாயில் சொன்னேன்; அவன்தான் வழி சொன்னான். போட்டியை நேரலையில் ஒளிபரப்புகிறார்கள். மைக் மண்டபத்தில் இருந்தபடியே அதைக் கைப்பேசியில் பார்த்து, இன்னொரு கைப்பேசியில் எங்களுக்குப் பேசட்டும். துணையாளர் பேசலாம் என்று விதியில் இருக்கிறது. எங்கே நின்று பேச வேண்டும் என்று இல்லை.

ஷா ஆலத்தில் நடுவர்கள் மூன்று பேர் கூடிப் பேசி, தலையைச் சொறிந்து, சரி என்றார்கள். வரலாற்றில் எங்களை மாதிரி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

மண்டபத்தில் நடந்ததை நான் பிற்பாடு கல்யாண வீடியோவில் பார்த்தேன். கதை ஓட்டத்துக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் சுற்று ஆரம்பித்தது. மாப்பிள்ளை சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். ஒலிபெருக்கியில் போட்டிருந்த ஹக்கிமின் கைப்பேசியிலிருந்து சத்தமே இல்லை. பிறகு மைக் உற்சாகமாக, "மாப்பிள்ளை இதோ கிளம்புகிறார்" என்றான். கிளம்பிப் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, நேரலை என்று சொன்னாலும் படம் அவனுக்குத் தாமதமாகத்தான் போகிறது என்று. "வலது காலை எடுத்து வைக்கிறார்" என்று அவன் சொன்னபோது மாப்பிள்ளை ஏற்கெனவே சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். நான் அவன் சொன்னபடி வலப்பக்கம் திருப்ப, இன்னும் பலமாக முட்டினார். அவனுக்கு அதுவும் தாமதமாகத்தான் தெரிந்தது.

அங்கே தஞ்சோங் காராங்கிலோ அவன் ஒரு கையில் ஒலிவாங்கி, ஒரு கையில் கைப்பேசி, மேசைமேல் இன்னொரு கைப்பேசி என்று நின்றிருக்கிறான். எது எந்தக் கை என்பது சீக்கிரமே குழம்பிவிட்டது. "மாப்பிள்ளை, பின்னால வாங்க, இன்னும் பின்னால" என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. மணவறைக்கு முன்னால் நின்ற நிஜ மாப்பிள்ளை நல்ல பிள்ளை. சொன்னபடி பின்னால் வந்தார், இன்னும் வந்தார், நாதஸ்வரக்காரரின் மடியில் போய் உட்கார்ந்தார். "மாப்பிள்ளை சுவத்துல முட்டிக்கிட்டாரு, யாராச்சும் திருப்பி விடுங்க" என்று அடுத்த அறிவிப்பு வந்தது. இரண்டு மாமன்மார் ஓடிவந்து அவரைத் திருப்பிவிட்டார்கள். அதே நேரத்தில் எங்கள் கைப்பேசியில், "அன்பளிப்பு மேசை இடப்பக்கம் உள்ளது" என்று வந்தது. நான் இடப்பக்கம் திருப்பினேன்.

முதல் சுற்றில் ஒரு வளையம்கூட மாட்டவில்லை.

இடைவேளையில் ஹக்கிம் யோசித்தான். நேரலையை நம்ப வேண்டாம், நானே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து வீடியோ அழைப்பில் காட்டுகிறேன், அது உடனே போகும் என்று மலாயில் சொன்னான். மைக்கிடம் சொன்னோம்.

"சரி, காட்டு," என்றான் மைக். அவன் பின்னால் யாரோ கோபமாகப் பேசுவது கேட்டது. "டிரைவரம்மா, சீக்கிரம் ஆரம்பிங்க. இங்க பொண்ணு கிளம்பப் போகுது."

இரண்டாவது சுற்று, கடைசிச் சுற்று. விசில் அடித்தது. "சொந்தபந்தங்கள் முன்னால் வரவும்" என்றான் மைக், இந்த முறை சரியான நேரத்தில். நான் நேராகப் போனேன். "மாப்பிள்ளை வலது காலை எடுத்து வைக்கிறார்." வலப்பக்கம். "புகைப்படக்காரருக்காக ஒரு நிமிடம்." நிறுத்தினேன். மாப்பிள்ளை முதல் மாலையை எடுத்துவிட்டார் என்று ஹக்கிம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். எனக்கு மூச்சு சீராக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் எல்லாம் தெரிவது மாதிரி இருந்தது.

அப்போது இன்னொரு குரல் கேட்டது.

"தம்பி, இந்த ஃபோன குடு. ஒரு நேரத்துல ஒரு கல்யாணத்த பாரு."

பெண்ணின் பெரியப்பா. அவ்வளவுதான், அழைப்பு துண்டித்துப் போனது. ஹக்கிம் கைப்பேசியை உதறிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

சுற்றிலும் மற்ற குழுக்களின் சத்தம். எனக்கு மட்டும் ஒரு சத்தமும் இல்லை. கைகள் அப்படியே நின்றுவிட்டன. கல்லூரிப் பேருந்தில் திரும்பிப் போவதும், அறைக் கதவில் வேறு பூட்டு தொங்குவதும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. வாயைத் திறந்து நானே ஆரம்பித்தேன்.

"அன்புக்குரிய பெரியோர்களே, மாப்பிள்ளை மாலையோடு வந்துகொண்டிருக்கிறார். சொந்தபந்தங்கள் முன்னால் வரவும்."

கைகள் நகர்ந்தன, பயிற்சியில் போய்ப் பழகிய வழியில். அந்தக் குரல் மைக்கினுடையது இல்லை என்பது அவற்றுக்குத் தெரிந்துதான் இருக்கும்; பரவாயில்லை என்று விட்டுவிட்டன. நான் சத்தமாக, இன்னும் சத்தமாகச் சொன்னேன். மேலே பார்வையாளர் இருக்கைகளில் இருந்த தமிழ்ப் பெற்றோர்கள் முதலில் திகைத்தார்கள், அப்புறம் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து சுவருக்கு அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் முன்னாலம்மா" என்றார். நடுவர் அவரை உட்காரச் சொன்னார். ஹக்கிம் தூணைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையைத் தொண்டை கிழியக் கத்தினான். "கெட்டிமேளம்." பொத்தானை அழுத்தினேன். வளையம் தூணில் விழுந்து, சுற்றி, அடங்கியது. அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்தது விழும்போது விசில் அடித்துவிட்டது.

நாங்கள் ஜெயிக்கவில்லை. ஜெயித்தவர்களுக்கு இடுப்புயரக் கோப்பை கொடுத்தார்கள். ஆனால் கடைசியில், சிறந்த குழுத் தொடர்புக்கான சிறப்புப் பரிசு என்று ஒன்றை அறிவித்து, எங்களைக் கூப்பிட்டார்கள். தொடர்பே அறுந்துபோன குழுவுக்குத் தொடர்புக்கான பரிசு. முட்டை வைத்துச் சாப்பிடும் அளவுக்கு ஒரு கோப்பை. துறைத் தலைவி அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோப்பை என்றுதான் அவர் சொல்லியிருந்தார், அளவு சொல்லவில்லை. அறை எங்களுக்கே இருந்தது. ஹக்கிம் அந்தக் கோப்பையில் திருகாணி போட்டு வைத்தான்.

அன்று சாயங்காலம் மைக் அழைத்தான். கோப்பை கதையைச் சொல்லி முடித்தேன். வழக்கமாக இந்த இடத்தில் அவன் ஒரு வாழ்த்துரை ஆற்றியிருக்க வேண்டும். ஆற்றவில்லை.

"நான் கடசியா சொன்னது கேட்டுச்சா?" என்றான்.

"எங்க கேட்டுச்சி. அந்தப் பெரியப்பா வந்தாரு, லைன் கட்டு. அப்பறம் ஒண்ணுமே கேக்கல."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே. ஏன், என்னா சொன்ன?"

"ஒண்ணும் இல்ல லா. பரவால்ல," என்றான் மைக். ஒரு பேச்சை அவன் அவ்வளவு சுருக்கமாக முடித்து நான் கேட்டதே இல்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பருவத்தோடு அவனுக்கு டிப்ளோமா முடிந்தது. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் அவனுடைய மாமா வேலைக்கு வழி செய்தார். விமான நிலையத்தில் தன்னையே வழியனுப்பி வைத்தான்: "அன்புக்குரிய மைக் அவர்கள் இப்போது விடைபெறுகிறார், அழுபவர்கள் வரிசையில் வரவும்." வரிசையில் நான் எங்கே நின்றேன் என்று சொல்லப்போவதில்லை. இப்போது அவனுக்குச் சுரங்க நிறுவனம் ஒன்றில் வேலை. எங்கோ தூரத்துப் பாலைவனத்தில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் பெரிய லோரிகளை, நகரத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேசத் தேவையில்லாத வேலை. அந்த லோரிகள் ரொம்பவும் துரதிர்ஷ்டசாலிகள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவன் விமானம் ஏறிய பிறகு ஒருநாள் அறைக்குப் போனேன். ஜன்னல் இருந்தது, காற்றாடி இருந்தது, ஹக்கிம் இருந்தான். எதைக் காப்பாற்ற அவ்வளவு கத்தினேனோ அது எல்லாம் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் மாப்பிள்ளையை ஓட்டிப் பார்த்தேன். பிறகு ரிமோட்டை வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து ஹக்கிம் ஒரு வீடியோவைக் கொண்டுவந்தான். அந்தத் தஞ்சோங் காராங் பெண்ணின் தம்பியோடு அவன் ஃபுட்சால் ஆடுகிறானாம். மாப்பிள்ளை நாதஸ்வரக்காரர் மடியில் உட்காரும் இடத்தை மூன்று தடவை போட்டுச் சிரித்தோம். பிறகு ஹக்கிம் வீட்டுக்குப் போய்விட்டான். நான் மீதியைப் பார்த்தேன்.

பெரியப்பா கைப்பேசியைப் பிடுங்குகிறார். அதைத் தன் சட்டைப் பையில் போடுகிறார். பையில் தெரிந்த வெளிச்சம் அணைகிறது. அழைப்பு அங்கேதான் துண்டித்திருக்கிறது, அது மைக்குக்குத் தெரியாது. கேமரா வாசல் பக்கம் திரும்புகிறது. பெண் நிற்கிறாள், தலையைக் குனிந்தபடி, கையில் மாலையோடு. மண்டபத்தில் காற்றாடிச் சத்தம் மட்டும். அப்புறம் மைக்கின் குரல். கைப்பேசி பெரியப்பாவின் பையில் இருந்தாலும் கேட்கட்டும் என்று, மண்டபத்து ஒலிபெருக்கியிலேயே சொல்கிறான். கல்யாணத் தமிழ் இல்லை. கேண்டீனில் பேசுகிற தமிழ்.

"பயப்படாத. ஒனக்கு வழி தெரியும். நீ எங்க போனாலும் பக்கத்துல நான் பேசிக்கிட்டேதான் இருப்பேன்."

மாப்பிள்ளையின் சார்பில் அறிவிப்பாளர் சொன்ன வசனம் என்று மண்டபமே கை தட்டுகிறது. மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டுகிறார். பெண் நிமிர்ந்து சிரிக்கிறாள். நடந்து வருகிறாள்.

இப்போது நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு கல்யாணங்களுக்குப் போகிறேன். அறிவிப்பாளர் யாராவது "வலது காலை எடுத்து வைத்து" என்று சொன்னால், மடியில் கிடக்கும் என் வலது கட்டைவிரல் அசைகிறது. "கைக்கு என்னா ஆச்சி?" என்பார் அம்மா. ஒன்றுமில்லை என்பேன். வீட்டுக்கு வந்து, பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணின் கல்யாண வீடியோவை எடுத்துப் போட்டுப் பார்க்கிறேன். அதில் மைக்கின் முகம் ஓர் இடத்தில்கூட இல்லை, குரல் மட்டும்தான். அந்தப் பெண்ணின் சிரிப்பு எனக்கு வர வேண்டியது. அவளே வைத்துக்கொள்ளட்டும், அவளுக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது.

நான் இதை எழுதி அனுப்பும் பத்திரிகை பெர்த்தில் கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைத்தால், அன்று சாயங்காலம் அவன் கேட்ட கேள்விக்கு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன்.

கேட்டுச்சி மைக். கொஞ்சம் லேட்டா வந்து சேந்துச்சி, அவ்வளவுதான்.